முராஹிக் வயதினர் கையில் ஒரு புத்தகம்

ஃபிக்ஹு நூல்கள் குழந்தைப் பருவத்தை ஒரே நீட்டாக வைத்துப் பேசுவதில்லை. நன்மை தீமையைப் பிரித்தறியத் தொடங்கிய பிள்ளையை 'முமய்யிஸ்' என்றும், பருவமடைதலை நெருங்கிவிட்ட பிள்ளையை 'முராஹிக்' என்றும் நம் இமாம்கள் வேறுபடுத்தினார்கள். ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான இந்த இடைப்பருவத்தினருக்கென்றே புதினம் எழுதும் வழக்கம் ஆங்கிலப் பதிப்புலகில் 'மிடில் கிரேடு' என்ற பெயரோடு தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. தமிழில் அது சற்றுத் தாமதமாகவே வந்தது, ஆயினும் வந்துவிட்டது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பட்டியலைப் பார்த்தாலே மாற்றம் புலப்படும். 2020-ல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023-ல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' என மூன்று சிறார் நாவல்கள் அப்பரிசைப் பெற்றுள்ளன.

இவற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கடற்கரை ஊர்களுள் ஒன்றில், மக்தபை ஒட்டி ஒரு சிறு நூலகம் அமைத்தார்கள். பிள்ளைகளுக்குரிய நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் கொடுத்த பட்டியலில் 'மரப்பாச்சி'யும் சில சித்திரக்கதைகளும் இருந்தன. மூன்றாம் வாரமே அவை அலமாரியிலிருந்து இறங்கிவிட்டன. ஒரு பிள்ளையின் உம்மா என்னிடமே வந்து, "ஹஸரத், நீங்களே இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அதற்குரிய மறுமொழியை அன்று என்னால் கோவையாகச் சொல்ல இயலவில்லை.

எதிர்ப்பு இரண்டு வகையாக இருந்தது. ஒன்று, படம். தஸ்வீர் பற்றிய ஹதீஸ்களை நான் இலேசாக எண்ணுபவன் அல்லன். ஆனால் ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே சிறகு முளைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அதைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூதில் ஓதிக்கொடுக்கும் நாம், அப்பாடத்தை மக்தபு வாசலுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். சிறுமியர் பொம்மைகளுக்கு ஷாஃபிஈ மத்ஹபிலும் விலக்கு உண்டு. ஹரீரியின் 'மகாமாத்'துக்கு வாஸித்தி என்ற கலைஞர் 1237-ல் தீட்டிய ஓவியங்களைக் கண்டவர்கள், முஸ்லிம் உலகம் கதையையும் படத்தையும் ஒரே ஏட்டில் சேர்த்துவைத்த காலம் ஒன்று இருந்தது என்பதை அறிவார்கள். இது ஃபத்வா அன்று. அப்பணி முஃப்திகளுக்கு உரியது. பாடநூலில் இருக்கும் படத்தைப் பொறுத்துக்கொண்டு கதைநூலில் இருக்கும் படத்தை மட்டும் விலக்குவது முறையாகாது என்பதே என் கருத்து.

மற்றோர் எதிர்ப்பே கனமானது. 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சிறார்மீது நிகழும் பாலியல் அத்துமீறலைப் பற்றிய நாவல். பழைய மரப்பாச்சிப் பொம்மை ஒன்று உயிர்பெற்று ஒரு சிறுமிக்குத் தோழியாகிறது. சொல்ல அஞ்சும் ஒன்றைச் சொல்லவைக்கும் துணிவை அது தருகிறது. ஆசிரியர் இராமேசுவரத்தில் பிறந்தவர். இத்தகைய பொருளைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதுவது கத்தியின் கூர்மீது நடப்பது போன்றது. பாலபாரதி விழாமல் நடந்திருக்கிறார். அச்சத்தைக் காட்டுகிறார், ஆபாசத்தை அணுகவிடவில்லை. குறையும் உண்டு. பொம்மை சில இடங்களில் தோழியாக இராமல் ஆலோசகராகிவிடுகிறது. அப்போது உரையாடலில் வகுப்பறை வாடை வீசுகிறது. ஆனால் இந்தக் குறையைக் காட்டி நூலை ஒதுக்குபவர்கள், உண்மையில் அதன் பொருளைத்தான் ஒதுக்குகிறார்கள்.

'வெட்கம் ஈமானின் ஒரு பகுதியாயிற்றே' என்று அந்த உம்மா சொன்னார். ஆம். அந்த வெட்கத்தை எந்த வயதில், எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதையும் மார்க்கமே சொல்லியிருக்கிறது. சூரத்துந் நூரின் 58-ஆம் வசனம், பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்று பணிக்கிறது: ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தும் வேளையில், இஷாவுக்குப் பின். பத்து வயதில் படுக்கையைப் பிரித்துவிடும்படி ஹதீஸ் கட்டளையிடுகிறது. உடலுக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைப் பிறர் மதிக்க வேண்டும் என்பதை முராஹிக் வயதுப் பிள்ளைக்கே சொல்லிவைத்த மார்க்கம் இது. நாமோ அந்த வசனத்தைத் தஜ்வீதோடு ஓதவைத்துவிட்டு, பொருளைக் கல்யாண வயதுக்கு ஒத்திவைக்கிறோம். ஓதுமிடங்களிலும் இத்தகைய கொடுமைகள் நடப்பதுண்டு. ஆசிரியர்களாகிய நமக்கு அது தெரியும். தெரிந்தும் பேசாதிருப்பதற்கு ஹயா என்று பெயர் சூட்ட எனக்கு மனம் இடம் தரவில்லை.

'கதையே பொய்தானே' என்று சொன்ன பெரியவர் ஒருவரும் இருந்தார். அவருக்கு நான் கீழக்கரையை நினைவூட்டினேன். இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) 'மதீனத்துந் நுஹாஸ்' என்னும் தாமிரப்பட்டணக் கதையை 1858-ல் அரபுத் தமிழில் ஆக்கித் தந்தார்கள். கண்டியில் சித்தி லெப்பை 1885-ல் எழுதிய 'அசன்பே சரித்திரம்', குழந்தையிலேயே கடத்தப்பட்ட ஒருவனின் கதை. தமிழ்ப் புதினம் நடைபயிலத் தொடங்கிய நாட்களிலேயே ஆலிமும் அறிஞரும் அதன் கையைப் பிடித்திருந்தார்கள். பிற்காலத்தில் எங்கோ அந்தக் கையை விட்டுவிட்டோம்.

விட்டபின் நம் பதிப்பகங்கள் பிள்ளைகளுக்குத் தந்தவை பெரும்பாலும் நீதிக்கதைகள். அவற்றில் வரும் பிள்ளை தவறே செய்வதில்லை. செய்தால் அடுத்த பக்கத்தில் திருந்திவிடுகிறது. உடன்பிறந்தாரின் பொறாமையையும், கிணற்றில் தள்ளப்பட்ட சிறுவனையும் மறைக்காமல் சொல்லும் சூரத்து யூசுஃபை ஓதும் சமூகத்துக்கு இவ்வளவு சப்பையான கதைகள் எவ்வாறு போதுமாயின என்பது எனக்கு விளங்கவில்லை. நானும் என் கூட்டாளிகளும் எண்பதுகளில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களை ஒளித்துவைத்துப் படித்தோம். இரும்புக்கை மாயாவி எங்களுக்கு மார்க்கத்தைக் கெடுக்கவும் இல்லை, எங்கள் ஊரைக் காட்டவும் இல்லை.

முஸ்லிம்களே சித்திரக்கதை படைத்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. குவைத்தின் நாயிஃப் அல்-முதவ்வா 2006-ல் தொடங்கிய 'தி 99' தொடரில், அல்லாஹ்வின் திருநாமங்களோடு தொடர்புடைய பண்புகளைத் தாங்கிய வீரர்கள் வருகிறார்கள். அது எழுப்பிய அகீதா விவாதம் ஒருபுறமிருக்க, கலையாகவும் அது எனக்கு நிறைவு தரவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பண்பின் விளம்பரப் பலகையாக நிற்கிறார்கள். பசிக்கிற, பொய் சொல்கிற, அழுகிற பிள்ளை ஒன்றையும் காணோம்.

நான் தேடியது வேறொரு நூலில் கிடைத்தது. விக்டோரியா ஜேமிசனும் உமர் முஹம்மதும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட சித்திரப் புதினம் அது. 'நட்சத்திரங்கள் சிதறிக்கிடக்கையில்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். சோமாலியாவின் போரில் தாயைப் பிரிந்த உமர், கென்யாவின் ததாப் அகதி முகாமில் தம்பி ஹஸனுடன் வளர்ந்த உண்மைக் கதை. வலிப்பு நோயுள்ள ஹஸனுக்கு வரும் ஒரே சொல் 'ஹூயோ'; சோமாலி மொழியில் உம்மா. பள்ளிக்கூடம் போனால் தம்பியை யார் பார்ப்பது என்பதே உமரின் போராட்டம். அதில் தொழுகை உண்டு, நோன்பு உண்டு. எவற்றுக்கும் விளக்கவுரை இல்லை. தண்ணீர் வரிசையைப் போல, சோளக்கஞ்சியைப் போல அவை வாழ்க்கையில் இருக்கின்றன. இரண்டு பக்கம் வசனமே இல்லாமல் ஒரு காத்திருப்பைக் காட்ட முடியும் என்பதைப் படக்கதைதான் செய்ய இயலும். என் போன்ற உரைநடைக்காரர்கள் அதைக் கண்டு பொறாமைப்பட வேண்டும்.

ததாப் நமக்குத் தொலைவு. மண்டபம் அகதி முகாம் தொலைவன்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகள் 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளை எதை எடுத்துக்கொண்டிருக்கும்? நான் படித்தவரை எந்தத் தமிழ்ச் சிறார் நாவலும் இதைக் கேட்கவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், பாசி எடுக்கக் கடலில் மூழ்கும் தாய்மாரும், சங்கு குளித்த கீழக்கரை மூதாதையரும் அவ்வாறே காத்திருக்கிறார்கள். பாலபாரதியின் 'ஆமை காட்டிய அற்புத உலகம்' பிள்ளைகளைக் கடலுக்கடியில் அழைத்துச் சென்று அதன் வளத்தையும் அதற்கு நாம் இழைக்கும் கேட்டையும் காட்டுகிறது. எங்கள் மாணவர்கள் அதை விரும்பிப் படித்தார்கள். ஆயினும் வாப்பா, உம்மா, லாத்தா, காக்கா என்று அழைக்கும் வீடு ஒன்று புதிய சிறார் இலக்கியத்தில் அரிதாகவே திறக்கிறது. முஸ்லிம் பிள்ளை வந்தால் பெரும்பாலும் பெருநாள் பிரியாணியோடு வரும் நண்பனாக வருகிறது. கதை அதனுடையதாக இருப்பதில்லை. உதயசங்கரையோ சரவணனையோ நான் இதற்குக் குறைசொல்ல மாட்டேன். அந்த வீட்டின் சாவி நம் கையில் இருக்கிறது.

அலமாரியிலிருந்து இறங்கிய நூல்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. நிர்வாகத்தினர் ஐவருக்கும் ஒவ்வொருவராகப் படிக்கக் கொடுத்து வருகிறேன், மூவர் முடித்துவிட்டார்கள். கேள்வி கேட்ட அந்த உம்மா, தாம் முதலில் படித்துவிட்டு மகளுக்குக் கொடுப்பதா என்று முடிவுசெய்வதாகச் சொல்லி 'மரப்பாச்சி'யை வாங்கிச் சென்றிருக்கிறார்.