அறிவும் பிறர் வாக்கும்

பல்கலைக்கழகத்தில் அறிவாராய்ச்சியியல் பயில்வோர், எட்மண்ட் கெற்றியர் 1963இல் வெளியிட்ட மூன்று பக்கக் கட்டுரையைத் தவறாது எதிர்கொள்வர். நியாயப்படுத்தப்பட்ட உண்மையான நம்பிக்கையே அறிவு என்னும் வரைவிலக்கணம் அதனால் ஆட்டங்கண்டது. வேலைக்கு விண்ணப்பித்த ஸ்மித், போட்டியாளரான ஜோன்ஸே தெரிவாவார் என நம்புகிறார். ஜோன்ஸின் பையில் பத்து நாணயங்கள் இருப்பதையும் எண்ணியறிந்துள்ளார். எனவே, வேலை பெறுபவரின் பையில் பத்து நாணயங்கள் உள்ளன என முடிவுசெய்கிறார். வேலை கிடைப்பதோ ஸ்மித்துக்கு. அவரறியாமலே அவர் பையிலும் பத்து நாணயங்கள். முடிவு உண்மையே, ஆயினும் அதனை அறிவெனல் இயலாது.

நாணயங்களைப் பற்றிப் பேசுமளவுக்கு, ஸ்மித்தின் பொய்யான நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை நாம் பேசுவதில்லை. ஜோன்ஸே தெரிவாவார் என உறுதி கூறியவர் கம்பனித் தலைவர். கண்டது பிழைக்கவில்லை, கேட்டதே பிழைத்தது. வேலை தேடுபவன் முதலாளியின் வாக்கை நம்பாது வேறென்ன செய்வான்? தனிமனிதரின் மனத்துள்ளே அறிவைத் தேடும் டேக்காட் வழிப் போதனையில் இவ்வினா எழ இடமில்லை. 13ஆம் நூற்றாண்டுச் சிவஞானசித்தியார், காட்சி, கருதல் என்பவற்றோடு உரையையும் தனியளவையாகக் கொண்டது. ஆனால் அவ்வுரை இறைநூலோடு நின்றுவிட்டது, சாதாரண மனிதரின் வாக்கை எட்டவில்லை. எவர் வாக்கு நம்பப்படுகிறது, எவர் வாக்கு தள்ளப்படுகிறது என்பதை அறிவுசார் அநீதி என்னும் பெயரில் மிறண்டா ஃபிறிக்கர் 2007இல் ஆராய்ந்தார். கெற்றியரையும் அந்நூலையும் ஒரே வாரத்தில் படிப்பிக்கலாமென்பது எமது கருத்து.