துருத் துளையும் எபாக்சி பட்டியும்: மோரிஸ் மைனரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1948 முதல் 1971 வரை பிரிட்டனில் தயாரிக்கப்பட்ட மோரிஸ் மைனர், தனிச் சட்டகம் இல்லாமல், தகடுகளைப் பற்றவைத்து உருவாக்கிய கூடே பாரத்தைத் தாங்கும் மோனோகாக் அமைப்பைக் கொண்டது. ஆகவே அதில் விழும் துருத் துளை, விழுந்த இடத்தைப் பொறுத்து, தோற்றக் குறையாகவோ வண்டியின் வலிமையையே குலைக்கும் சேதமாகவோ அமைகிறது. வெல்டிங் வசதி இல்லாத உரிமையாளர்கள் நாடும் எபாக்சி பட்டியையும் இவ்வேறுபாட்டைக் கொண்டே எடைபோட வேண்டும்.

எபாக்சி பட்டி என்பது நிரப்புத் தூள் கலந்த பிசினும், அதனுடன் வினைபுரிந்து அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் தனித்தனியாக அமைந்த பொருள். தண்ணீர்க் குழாய்க் கசிவை அடைக்கப் பயன்படும் எம்-சீல் இவ்வகையைச் சேர்ந்ததே. இரண்டையும் நிறக்கோடு மறையும்வரை பிசைந்தால் வினை தொடங்குகிறது. விரைவில் இறுகும் வகைகளில் சில நிமிடங்களே கையாள இயலும். குளிர் வினையை மந்தப்படுத்துவதால், பிரிட்டனின் குளிர்காலத்தில் தகட்டைச் சற்றுச் சூடாக்கிக்கொள்வது பயன் தரும். இறுகாத பிசினும் ஹார்டனரும் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை என்பதால் கையுறை இன்றியமையாதது.

பட்டியின் வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதற்கு முந்திய வேலையே. துரு பெரும்பாலும் தகட்டின் உட்புறத்தில் தொடங்கி வெளியே வருவதால், கண்ணுக்குத் தெரியும் துளையைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்தே இருக்கும். அப்பகுதியை வெட்டி நீக்கி, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்தெடுக்க வேண்டும். பின்னர் உட்புறம் கம்பிவலையைத் தாங்கலாக வைத்துப் பட்டியை அழுத்தினால், அது வலைக்கண்களின் வழியே புகுந்து பின்புறத்திலும் பரவிப் பிடித்துக்கொள்கிறது.

டிங்கரிங் பட்டறைகளில் வழக்கமான பாலியெஸ்டர் பட்டியுடன் ஒப்பிட்டால் இதன் நிறையும் குறையும் தெளிவாகின்றன. பாலியெஸ்டர் பட்டி மலிவானது, எளிதில் தேய்பட்டுச் சமமாகும். ஆனால் ஈரத்தை உறிஞ்சுவதால், துளைக்கு மேல் நேரடியாகப் பூசினால் அதன் அடியில் துரு மீண்டும் தலைகாட்டுகிறது. எபாக்சி பட்டியோ குறைவாகவே சுருங்கி, வெற்று இரும்பை உறுதியாகப் பற்றி, நீரையும் நன்கு தடுக்கிறது. எனினும் முழுதும் இறுகியபின் அதைத் தேய்க்க முயன்றால் பட்டிக்கு முன் சுற்றியுள்ள மெல்லிய தகடே தேயக்கூடும்; அது பாதி இறுகிய நிலையில் இருக்கும்போதே மிகையைக் கத்தியால் சீவிவிட்டு, மேற்பரப்பை மட்டும் மெல்லிய பாலியெஸ்டர் பூச்சால் நேர்த்தியாக்குவதே சிறந்த முறை.

இதன் உண்மையான வரம்பு விறைப்பில் உள்ளது. எஃகின் மீள்மைக் குணகம், அதாவது வளைய மறுக்கும் தன்மையின் அளவு, ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். நிரப்புத் தூள் கலந்த எபாக்சிக்கு அது சில கிகாபாஸ்கலே. மேலும், சாதாரண வெப்பநிலையில் இறுகும் பல எபாக்சிகள் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்குகின்றன. கோடை வெயிலில் நிற்கும் கருநிற வண்டியின் தகடு அவ்வெப்பத்தை எளிதில் எட்டும். வெப்பத்தில் எபாக்சி இரும்பைவிட மிகுதியாக விரிவதால், காலப்போக்கில் ஒட்டின் விளிம்பு பெயின்ட்டின் மேல் கோடாகத் தெரியவும் கூடும்.

எனவே, போல்ட்டால் பொருத்தப்பட்ட மட்கார்டு, முகப்பு விளக்கைச் சுற்றிய பகுதி, கதவின் கீழ்விளிம்பு ஆகியவற்றில் விழும் சிறு துளைகளுக்கு எபாக்சி பட்டி தக்க தீர்வாகும். உட்புறத்தில் துருத்தடுப்பு மெழுகு தெளித்தால் அதன் ஆயுளும் நீளும். கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் சில் பெட்டி, தரைத்தகடு, பின்புற லீஃப் ஸ்பிரிங்குகளின் பிடிப்பிடங்கள் ஆகியவற்றுக்கு அது அறவே ஒவ்வாது. பிரிட்டனின் ஆண்டுத் தகுதித் தேர்வான எம்.ஓ.டி.யும் இத்தகைய பாரந்தாங்கும் இடங்களில் பட்டியால் அடைத்த பழுதுபார்ப்பை ஏற்பதில்லை. பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2018 முதல் அத்தேர்விலிருந்து விலக்கு இருப்பினும், சாலையில் ஓடத் தகுந்த நிலையில் வண்டியை வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு உரிமையாளரைவிட்டு நீங்குவதில்லை. சில் பெட்டியின் துளையைப் பட்டியால் மூடிப் பெயின்ட் அடித்தவர் அந்தப் பலவீனத்தை அடுத்து வண்டியை வாங்குபவரின் கண்ணிலிருந்து மறைத்தவரும் ஆகிறார். அங்கு வெட்டி எடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.