உறுமல் எங்கிருந்து வருகிறது?

1960களின் அமெரிக்க மசில் கார்கள் ஷோரூமை விட்டு வெளியே வந்த காலத்தில் இன்றைக்குக் கேட்கிற அளவு உறுமியதில்லை. 1964 பான்டியாக் ஜிடிஓவானாலும் 1968 மஸ்டாங்கானாலும், கம்பெனி மாட்டி அனுப்பிய சைலன்சர் பெரும்பாலும் அடக்கமானது. உள்ளே புகை முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பிப் போய்த்தான் வெளியேறும். வாங்கியவர்களில் பலர் அதே காரில்தான் வேலைக்கும் கடைக்கும் போய்வந்தார்கள். இன்று அந்தக் கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் ‘அந்தக் காலத்துச் சத்தம்’ வேண்டும் என்று தேடிப்போய் மாட்டுவது, பல சமயம், 1980களுக்குப் பிறகு பெயர்பெற்ற ஃப்ளோமாஸ்டர் வகை அறைத்தடுப்பு சைலன்சர்களை. காது அதற்குப் பழகிவிட்டது. அதையே காரின் பிறவிக் குரல் என்று நம்புகிறோம். சினிமாவுக்கும் இதில் பங்குண்டு. 1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில், சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் கார் துரத்தல் சூடுபிடிக்கிற இடத்தில் லாலோ ஷிஃப்ரின் இசையை நிறுத்திவிட்டார். அதன் பிறகு மஸ்டாங்கின் என்ஜின்தான் பாடுகிறது. அந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்தவருக்கு அடக்கமான மஸ்டாங் போலியாகத்தான் தெரியும்.

அதற்காக எக்ஸாஸ்டை மாற்றுவதே வெட்டி வேலை என்று தள்ளிவிட முடியாது. 1971 கார்வெட்டின் 454 கன அங்குல எல்எஸ்5 என்ஜினுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு கணக்குக் கொடுத்தது: 365 குதிரைத்திறன், 285 குதிரைத்திறன். முன்னது என்ஜினைத் தனியே மேடையில் ஏற்றி, துணைக் கருவிகளின் சுமையில்லாமல் அளந்தது. பின்னது காரில் இருக்கிற கோலத்திலேயே, சைலன்சர் உட்பட அளந்தது. நடுவில் காணாமல் போன 80இல் எக்ஸாஸ்டுக்கும் பங்கிருக்கிறது. அதை மீட்க நினைப்பது நியாயமான ஆசைதான். அந்தக் காலத்துப் பையன்களும் இதைச் செய்தார்கள். டர்போ பூட்டிய செவ்ரலே கார்வேரின் சைலன்சரில் புகை தடையில்லாமல் போகிறது, சத்தமும் அளவோடு இருக்கிறது, விலையும் குறைவு என்று கண்டுபிடித்து அதைத் தங்கள் கார்களில் மாட்டிக்கொண்டார்கள். ‘டர்போ மஃப்ளர்’ என்ற பெயர் இன்றும் கடைகளில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

சத்தம் கூடினால் சக்தி கூடியது என்று கணக்குப் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வெறும் கண்ணாடி இழை சுற்றிய கிளாஸ்பேக்கை மாட்டிவிட்டு, கார் பறக்கிறது என்பார்கள். காதுதான் பறக்கிறது. 350 குதிரைத்திறன் என்ஜினுக்கு மூன்று அங்குலக் குழாய் இரண்டு போடுகிறவர்களும் உண்டு. எக்ஸாஸ்ட் பற்றி நிறைய அளந்து எழுதிய டேவிட் விசார்டின் கணக்கு எளிமையானது: ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி வீதம் சைலன்சர் விட்டுக்கொடுத்தால் போதும், இழப்பு பெயரளவுக்குத்தான். இந்தக் கணக்கில் இரண்டரை அங்குல இரட்டைக் குழாய் 400 குதிரைத்திறனைத் தாராளமாகத் தாங்கும். அதற்குமேல் அகலமாக்கினால் கனமும் இடநெருக்கடியும்தான் மிச்சம். எதிர்த்திசையிலும் ஒரு மூடநம்பிக்கை ஓடுகிறது: ‘என்ஜினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும்.’ எந்த என்ஜினும் அதைக் கேட்பதில்லை. புகை வேகம் குறையாமல் ஓடினால்தான் அடுத்த வெடிப்பின் புகையை இழுத்துக்கொண்டு போகும். தடையை எடுத்த பிறகு கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் விட்டு, பெட்ரோல் கலவை மெலிந்து, கார் மந்தமாகிப்போனவர்கள்தான் இந்தக் கதையைப் பரப்பியிருக்க வேண்டும்.

உண்மையில் காசு செலவழிக்க வேண்டிய இடம் காரின் நடுவயிற்றில் இருக்கிறது. செவ்ரலே வி-8 வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் எல்லாம் இடப்பக்கம். அந்த வரிசையில் 5, 7 இரண்டும் அடுத்தடுத்து ஒரே குழாய்க்குள் புகையைத் தள்ளுகின்றன. பிறகு ஒரு இடைவெளி. வலப்பக்கத்தில் 8, 4 அதே கதை. அந்த ‘பொட்-பொட்டு’ என்கிற தாளப்பிசகுதான் நாம் ரசிக்கும் குரல். இரண்டு பக்கக் குழாய்களையும் குறுக்கே இணைக்காமல் தனித்தனியாக ஓட்டினால் அது கரகரப்பாக, அடித்தொண்டையில் கேட்கும். குறுக்கே ஒரு எச்-பைப் வைத்தால் முரட்டுத்தனம் குறைந்து கனம் கூடும். எக்ஸ்-பைப் வைத்தால் இரண்டு ஓட்டமும் கலந்து குரல் மென்மையாக, சற்றே உச்சத்தில், ஐரோப்பியக் கார் மாதிரி ஆகிவிடும். சில குதிரைத்திறன் கூடலாம். மஸ்டாங்கில் எனக்கு அது பிடிக்காது. சைலன்சர் பிராண்டைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள் இந்தக் குறுக்குக் குழாயைக் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ரீங்காரம். காருக்குள் உட்கார்ந்தவரின் மண்டையைக் குடையும் அந்த ஒரே சுருதி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய நான்கு கியர் பெட்டியும் 3.55 பின் ஆக்சிலும் 26 அங்குல டயரும் இருந்தால், மணிக்கு 60 மைலில் என்ஜின் சுமார் 2750 சுற்றில் ஓடும். நெடுந்தூரம் சுகமாகப் போகலாமே என்று ஓவர் டிரைவ் கியர்பெட்டியை வைத்தால் அது 1900க்கு இறங்கிவிடும். அறைத்தடுப்பு சைலன்சர்கள் காருக்குள் அதிகம் முழங்கும் வட்டாரம் ஏறக்குறைய அதுதான். 2000 சுற்றில் எட்டு சிலிண்டர் என்ஜின் வினாடிக்கு 133 முறை வெடிக்கிறது. தரைத்தகடும் கூரையும் கூடவே அதிர்கின்றன. தப்பிக்க வழி இருக்கிறது: குழாயின் பக்கவாட்டில், வாய் அடைத்த கிளை ஒன்றை ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளத்துக்கு வெல்டு செய்தால், அதில் மோதித் திரும்பும் ஒலி அந்தச் சுருதியை அடித்துவிடும். ஆனால் நீளத்தை அளந்து வெட்ட வேண்டும்; காருக்கு அடியில் அதற்கு இடமும் வேண்டும்.

மாட்டும் வேலையில் நடக்கிற பிழைகள் வாங்குவதில் நடப்பதைவிட மோசம். இரண்டு தூண் லிஃப்டில் கார் ஏறினால் பின் ஆக்சில் தொங்கிவிடும். அந்த நிலையில் ஆக்சிலுக்கு மேலே வளைத்துப் போட்ட டெயில் பைப்புக்கு ஏகப்பட்ட இடம் இருப்பதாகத் தெரியும். கீழே இறக்கி நாலு பேரை ஏற்றி ஒரு பள்ளத்தில் விட்டதும் ‘டங்’. சக்கரம் தரையில் நிற்கிற உயரத்திலேயே வைத்து, முதலில் பொட்டு வெல்டு மட்டும் அடித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த வி-8 முடுக்கும்போது பக்கவாட்டில் சாயும். குழாயைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினால் ஹெடர் (என்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்த் தொகுதி) இணைப்பில் விரிசல் விடும். ஹெடரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் உரசாத குறையாக இருந்தால், சூடான என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பும்போது அது முனகும். அதனால்தான் செவ்ரலேயைச் சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு, ஹெடருக்குப் பதில், கார்வெட்டிலிருந்து வந்த இரண்டரை அங்குல ‘ராம்ஸ் ஹார்ன்’ மேனிஃபோல்டே போதும் என்பேன். தோற்றத்திலும் அது பொருந்தும்.

செலவைக் குறைக்கக் குழாயை ஆக்சிலுக்கு முன்பே வெட்டிவிடுவதும் உண்டு. இதை மன்னிக்க முடியாது. சத்தம் தரையில் மோதி உள்ளே வரும். பழைய டிக்கி ரப்பர் வழியாகக் கார்பன் மோனாக்சைடும் வரும். இன்னொன்று, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். வாரத்துக்கு ஒருநாள் பத்து நிமிடம் ஓடும் காரில் அது ஆவியாகாமல் சைலன்சருக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு இதற்குத்தான், பளபளப்புக்கு அல்ல.

சட்டமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. 95 டெசிபல் வரம்பிலிருந்து கிடையாது. நம் நாட்டில் புல்லட்டிலிருந்து கழற்றிய சைலன்சர்களைப் போலீஸார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிற படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பான்டியாக்கே ஒருமுறை சமரசம் தேடியது: 1970 ஜிடிஓவில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ், இழுத்தால் வெற்றிட விசையில் சைலன்சருக்குள் வழி திறக்கும். சூப்பர் பவுல் சமயத்தில் விளம்பரமும் வந்தது; மேலிடம் முகம் சுளிக்க, சில மாதங்களிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று பட்டன் அழுத்தித் திறக்கும் மின்சாரக் கட்-அவுட் அதன் வாரிசு. யோசனை நல்லதுதான். ஆனால் சூடேறிச் சூடேறி அதன் மூடி சரியாக அடையாமல் போய், அடக்கமாகப் போக வேண்டிய நேரத்திலும் ‘சிஸ்’ஸென்று கசியும்.

கடைசி வெல்டுக்கு முன்னால், பொட்டு வெல்டோடு காரை ஹைவேயில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க விடுகிற கடைக்காரர் கிடைத்தால், எந்த பிராண்ட் சைலன்சர் என்று அவரோடு வாதாட வேண்டாம்.