வெள்ளோட்டத்தில் தமிழும் ஓடட்டும்

திருவொற்றியூர் மாட வீதியில் வளர்ந்தவனுக்கு 'வெள்ளோட்டம்' என்றால் தேர்தான் ஞாபகம் வரும். புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன்பே, அது ஓடப்போகும் அதே வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். எந்த முனையில் முரண்டு பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

நிரல் எழுதும் எடிட்டர்களுக்கும் வெள்ளோட்டப் பதிப்பு உண்டு. வி.எஸ். கோடின் மூல நிரல் 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் 'இன்சைடர்ஸ்' பதிப்பு கிட்டத்தட்ட தினமும் புதுசாக வருகிறது. வழக்கமான பதிப்பைத் தொடாமல் பக்கத்திலேயே நிறுவிக்கலாம்.

ஆனா நாம அதை எப்படிச் சோதிக்கிறோம்? புது வசதியைப் பார்க்கிறோம், ஸ்கிரீன்ஷாட் போடுகிறோம், முடிஞ்சுது. ஆங்கிலத்தில் நாலு வரி ஓடினால் எல்லாம் சரி என்கிறோம். அது நம்ம வீதி இல்லையே!

'கொ' நமக்கு ஒரே எழுத்து. யூனிகோடில் 'க', அடுத்து ஒகரக் குறி என இரண்டு. திரையிலோ அந்தக் குறி 'க'வின் இருபுறமும் நிற்கவேண்டும். கர்சர் எங்கே நிற்கும், பேக்ஸ்பேஸ் எதை அழிக்கும்? ஆங்கிலம் மட்டும் தட்டுபவர் கண்ணில் இது படவே படாது. இத்தகைய எழுத்துகளைச் சரியாகக் கோக்க, ஈமேக்ஸ் 2020ல் 27.1 பதிப்பில் ஹார்ஃப்பஸ் நூலகத்துக்கு வந்தது.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு எடிட்டரில் தமிழில் கமென்ட் எழுதும்போது கர்சர் ஓரெழுத்து தள்ளி நின்றதை மாசக்கணக்கில் பொறுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த பதிப்பிலும் அப்படியே வந்தது.

குறை கண்டால் எக்ஸ்டென்ஷன்களை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்பவும் இருந்தால் பதிப்பு எண், எழுத்துருவின் பெயர், அந்தத் தமிழ் வரி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். படம் மட்டும் போதாது. உருவாக்குபவர் அந்த வரியை எடுத்து ஒட்டிப் பார்த்தால்தான் அவர் திரையிலும் தேர் சிக்கும்.