முயல் எழுதும் தீர்ப்பு

இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளின் ஓரப் படங்கள் இணையத்தில் மீம்களாகச் சுற்றுகின்றன. அதில் முயல்தான் சூப்பர் ஸ்டார். வில்லோடு ஒரு முயல், வாளோடு ஒரு முயல். கூடவே வழக்கமான விளக்கம்: பாவம், எழுதி எழுதிச் சலித்துப்போன யாரோ துறவி கிறுக்கியது. இந்த விளக்கத்தின் மேல் எனக்குத் தீராத எரிச்சல். 14ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட ஆடம்பரப் பிரதிகளுக்குப் பெரும்பாலும் படம் தீட்டியவர்கள் நகரத்துத் தொழில்முறை ஓவியர்கள். காசு வாங்கிக்கொண்டு, நேரமெடுத்து வரைந்தவர்கள்.

‘ஸ்மித்ஃபீல்டு டெக்ரீட்டல்ஸ்’ பிரதியை எடுத்துக்கொள்வோம். இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. உள்ளடக்கம், போப் ஒன்பதாம் கிரகோரி 1234இல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு. தெற்கு பிரான்சில் 1300 வாக்கில் எழுதப்பட்டது. 1340களில் லண்டனில் படங்கள் ஏறின. நடுவில் சட்டம், சுற்றிலும் உரை, பக்கத்தின் அடியில் படம்.

முயல் கதையைக் காமிக்ஸ் மாதிரி புரட்டிப் புரட்டித்தான் படிக்க வேண்டும். முயல் ஒன்று வேட்டைக்காரன் மேல் அம்பெய்கிறது. அவனைக் கட்டி, நீதிபதி முயலின் முன்னால் நிறுத்துகிறார்கள் (நிறுத்துகின்றன என்று எழுதக் கை வரவில்லை). பிறகு தலை போகிறது. அடுத்து வேட்டைநாயின் முறை. பிடிக்கிறார்கள், விசாரிக்கிறார்கள், வண்டியில் ஏற்றிப் போய்த் தூக்கில் போடுகிறார்கள்.

‘தலைகீழ் உலகம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் இங்கே தலைகீழானது ஆட்கள் மட்டும்தானே? நடைமுறை அப்படியே இருக்கிறது. முயல்கள் ஆத்திரத்தில் கடித்துக் குதறவில்லை. கைது, விசாரணை, தண்டனை என்று ஒரு படிகூட விடவில்லை. சிரிப்பு வருவதும் அதனால்தான், வயிற்றைப் பிசைவதும் அதனால்தான். விசாரணை தொடங்கும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது.

இதே தொகுப்பில் ஒரு விதி உண்டு. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் போட்டது: குருமார் மரண தண்டனையை வாயால் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது. அந்த வேலைக்கு அரசனின் ஆட்கள் இருந்தார்கள். திருச்சபைக்குக் கை சுத்தம். குருமார் எதைச் சொல்லக் கூடாதோ அதை முயல் சொல்கிறது, அதுவும் பக்கம் புரட்டும் விரலுக்குப் பக்கத்தில். ஓவியர் திட்டமிட்டே செய்தார் என்று நான் வாதாடப்போவதில்லை. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன, எனக்கு அது போதும்.

கோடு எழுதிப் பிழைப்பவன் என்பதால் நண்பர்கள் இந்த ஓரங்களைக் கமென்ட்டோடு ஒப்பிடச் சொல்வார்கள். கமென்ட்டைக் கம்பைலர் கண்டுகொள்ளாது. இந்த முயலைக் கண்டுகொள்ளாமல் யாரால் பக்கத்தைத் திருப்ப முடியும்?

எல்லா ஓரப் படங்களுக்கும் இந்தக் கனம் கிடையாது. நத்தையோடு மல்லுக்கட்டும் வீரர்கள் பிரதிக்குப் பிரதி வருகிறார்கள்; பத்தாவதைப் பார்க்கும்போது எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.

இந்தப் பிரதி பின்னால் ஸ்மித்ஃபீல்டின் புனித பார்த்தலோமியோ மடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெயர் வந்தது அப்படித்தான். ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸை 1305 ஆகஸ்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் விசாரித்து, அன்றைக்கே இழுத்து வந்து கொன்ற இடமும் ஸ்மித்ஃபீல்டுதான். மடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், எதிரே அந்தத் திடல்.