மறுபதிப்பும் மூலபாடமும்: தீவக ஒலிமரபு குறித்துச் சில சிந்தனைகள்

ஏட்டுச்சுவடியொன்றைப் பதிப்பிக்க முனைபவர், மூலபாடம் யாது, பாடபேதங்கள் யாவை என்னும் வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். சி. வை. தாமோதரம்பிள்ளை காலந்தொட்டு இக்கடப்பாடு நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயின் ஒலிப்பதிவொன்று மறுவெளியீடு செய்யப்படும்பொழுது எவரும் இவ்வினாக்களை எழுப்புவதில்லை. பாட்டு கேட்கிறது, அது போதும் என்று அமைதி கொள்கிறோம். இவ்வமைதியின் விளைவுகளை யாழ்ப்பாணத்துத் தீவகத்தோடு தொடர்புடைய ஓர் உதாரணங்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. பருவகாலத் தொழிலுக்காக நெடுந்தீவுக் கரையில் வாடியமைக்கும் மீனவரின் வாழ்வு அதன் களம். 1978இல் பிரேம்நாத் மொறாயஸின் நெறியாள்கையில் அது திரைப்படமாயிற்று. பாடல்களை ஈழத்து இரத்தினம் இயற்ற, ரி. எவ். லத்தீப் இசையமைத்தார். தீவகத்து உழைக்கும் மக்களின் வாழ்வு திரையிசையினூடாக ஒலித்த அரிய சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. பல சமூகத்துக் கலைஞர் சேர்ந்துழைத்ததன் பேறு இது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய முயற்சிகளுக்கு ஒரு பொருளாதாரப் பின்னணி உண்டு. 1970களின் முற்பகுதியில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர் நூல் வெளியீட்டுக்கும் கலை முயற்சிகளுக்கும் ஊக்கமளித்தன. 1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் ஒலிநாடாக் கருவிகளை வீடுதோறும் கொணர்ந்தது. அதுவே தென்னிந்தியத் திரையிசையின் சந்தையையும் விரித்தது. ஒலிநாடா இல்லாதிருப்பின் ஈழத்துப் பாடல்கள் பல முற்றாக அழிந்திருக்கும். எனினும் படியிலிருந்து படி, அதிலிருந்து மறுபடி எனப் பெருகியதால் அவை தேய்ந்தும் போயின. காத்ததும் சிதைத்ததும் ஒரே சாதனமே. மூலங்களின் கதியோ வேறு. 1983 யூலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரியூட்டப்பட்டபொழுது பல திரைப்படங்களின் மூலச்சுருள்கள் சாம்பலாயின. இருவருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்கு நேர்ந்ததை நினைவுகூரும் நாம், இவ்வொலி அழிவை அதே அளவிற்கு நினைவுகூர்வதில்லை.

இன்று கேட்கக் கிடைக்கும் ஈழத்துப் பழைய பாடல்கள் பலவற்றின் குறைபாடுகள் மூவகையின. முதலாவது, வேகப் பிழை. நாடா சற்று விரைந்து ஓடின் சுருதி உயர்ந்து, பாடகர் குரலின் இயல்பே திரிந்துவிடும். இரண்டாவது, அளவுகடந்த இரைச்சல் நீக்கம். நாடாவின் சீற்றொலியை அகற்றுங்கால் சகரத்தின் உரசலும் தோற்கருவியின் முதலடியும் உடன் அகலுகின்றன. மூன்றாவது, பெயர் நீக்கம். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் மறைய, பாட்டு அநாமதேயமாகிறது. இவற்றுள் மூன்றாவதே மிகக் கொடியது என்பது எமது கருத்து. முன்னிரண்டும் ஒலியைச் சிதைக்கின்றன. மூன்றாவது உழைப்பை மறுக்கின்றது.

செம்மையான மறுவெளியீட்டுக்கு முன்மாதிரியைத் தீவகமே தந்துள்ளது. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980), புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். 1679இல் அச்சான நூலை அவர் புதிதாக எழுத்துக்கோத்துத் ‘திருத்தி’ வெளியிடவில்லை. மூலப் பக்கங்களை உள்ளவாறே நிழற்பதிப்பாகத் தந்து, விளக்கத்தை முன்னுரையில் வைத்தார். மூலம் வேறு, பதிப்பாசிரியர் கூற்று வேறு என்னும் இத்தெளிவே ஒலிக்கும் வேண்டப்படுவது.

அதன்படி, கிடைப்பவற்றுள் மூலத்துக்கு மிக அண்மித்த படியைத் தேடல் வேண்டும். அதனை மாற்றமின்றி உயர்தரத்தில் எண்ணிமப்படுத்திக் காப்பகத்தில் வைத்தல் வேண்டும். துப்புரவாக்கிய வடிவத்தைத் தனியே வெளியிட்டு, செய்த மாற்றங்களைக் குறிப்பிடுதல் வேண்டும். புதிய வாத்தியங்களைச் சேர்த்துப் பாடுவித்ததை ‘மீட்டெடுப்பு’ எனல் தகாது. அது வேறொரு படைப்பு. சாதாரண இரசிகருக்கு இரைச்சல் இடையூறாகாதா என வினவலாம். ஆகும். அதனாலேயே இரு வடிவங்களும் வேண்டும் என்கிறோம். இரசிகரின் வசதிக்காக ஆய்வாளரின் ஆதாரம் அழிக்கப்படவேண்டியதில்லை.

கூத்து மரபிலும் இவ்விடைவெளி உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார் நாட்டுக்கூத்துகளைப் பதிப்பித்தமையால் அவற்றின் எழுத்துப் பிரதி நிலைபெற்றது. ஆயின் எழுத்துப் பிரதியில் அண்ணாவியாரின் குரல் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்தாவணங்களுக்கு ஆற்றிவரும் பணி ஒலிக்கும் அதே அளவில் விரிதல் அவசியமாகின்றது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் இதில் ஒதுங்கி நிற்றல் இயலாது.

1990–91இல் தீவக மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். வீடு விட்டோர் பெட்டியுட் கொண்டு சென்ற ஒலிநாடாக்கள் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இன்னும் எஞ்சியிருத்தல் கூடும். காந்தப்பூச்சு உதிர்வதற்குக் காலவரையறை உண்டு. அவற்றை வைத்திருப்போரும் மூப்படைகின்றனர். ஏடு தேடி ஊரூராய் அலைந்த தலைமுறையொன்று நமக்கு முன்னிருந்தது. நாடா தேடி அலைய வேண்டிய தலைமுறை நாமே.