காகிதப் பையும் சாட்சிக் குரலும்

கொஞ்ச நாளாக ஒரு சின்ன விஷயத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். படப்பிடிப்பிலும் நாடக மேடையிலும் சத்தம் போடுகிற பொருட்களை எப்படிச் சத்தமில்லாமல் ஆக்குகிறார்கள் என்பதுதான் அது. ஹாலிவுட்டில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பார்க்க அசல் மளிகைக் கடை காகிதப் பை மாதிரியே இருக்கும், கசக்கினால் சத்தம் வராது. ஏனென்றால் அது காகிதமே இல்லை, துணி மாதிரியான ஒரு பொருள். கண்ணாடி டம்ளரில் ஐஸ் கட்டிக்குப் பதில் சிலிக்கான் கட்டி. பில்லியர்ட்ஸ் பந்துக்குப் பதில் பெயிண்ட் அடித்த ரப்பர் பந்து. ஷூவுக்கு அடியில் ஃபெல்ட், மேஜை விரிப்புக்கு அடியில் கம்பளி. வீட்டுக்குள் காட்சி என்றால் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு அதற்குள்ளேயே கார் சாவியைப் போட்டுவிடுவார்களாம். மறுபடி ஆன் பண்ணாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது!

"இதையெல்லாம் நம்ம ஊரில் யார் செய்கிறார்கள்?" என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை. சுருக்கமான பதில்: நம்மிடம் பெரும்பாலும் அதற்கு அவசியமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று பார்த்தால், தமிழ் சினிமாவில் குரலுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியில் போய் முட்டுகிறது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளின் வாயை அடைக்க மெனக்கெடாத சினிமா, கடைசியில் நடிகரின் வாயைத்தான் அடைக்கிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஒரு பேப்பர் கசங்குவதில் அப்படி என்ன பெரிய பிரச்சினை? எங்கள் அம்பத்தூர் பக்கம் ஒரு குடியிருப்பு விழாவில் நாடகம் போட்டார்கள். அப்பா பாத்திரம் ஈஸி சேரில் பேப்பர் படித்தபடியே மகளிடம் பேச வேண்டும். சட்டைக் காலரில் மைக். முதல் ஒத்திகையில் அவர் பேசியது ஒரு வார்த்தை கூட விளங்கவில்லை, தினசரி மட்டும் நன்றாகப் பேசியது.

காரணம் எளிது. காலர் மைக்குக்கும் வாய்க்கும் தூரம் 25 செ.மீ. என்று வையுங்கள். மார்புக்கு நேராகப் பிடித்த பேப்பர் அதிலிருந்து 12 செ.மீ.தான். தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபெல் கூடும். ஆக, நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே பேப்பர் அவரை முந்திவிட்டது. நம் காதும் மூளையும் சேர்ந்து பேப்பர் சத்தத்தை ஒதுக்கிவிட்டு மனிதக் குரலைப் பிடித்துக்கொள்ளும். மைக்குக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

அடுத்தது, எந்த இடத்தில் அடிக்கிறது என்பது. பேச்சில் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்க 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி முக்கியம். அது போனால் "பாட்டு"க்கும் "பாக்கு"க்கும் வித்தியாசம் தெரியாது. பேப்பரின் சரசரப்பு சரியாக அந்தப் பகுதியையும், அதற்கு மேலேயும் நிரப்புகிறது. வீட்டில் ஒரு முறுக்குப் பாக்கெட்டைக் கசக்கி, போனில் பதிவு செய்து, ஆடாசிட்டியில் அலைவரிசைப் படமாகப் போட்டுப் பார்த்தேன். செங்குத்தான கோடு கோடாக, சுவரில் மழைச்சாரல் அடித்த மாதிரி இருக்கிறது.

"சாஃப்ட்வேரில் எடுத்துவிடலாமே சார்" என்பார்கள். நான் சோறு சாப்பிடுவதே அந்தத் துறையில்தான் என்பதால் சொல்கிறேன். மின்விசிறி, ஏசி மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலை நீக்குவது சுலபம். அது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும், கழித்துவிடலாம். பேப்பர், வளையல், டம்ளர் எல்லாம் திடீரென்று வெடிக்கும், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. அதைப் பேச்சின் நடுவிலிருந்து உரிக்கும்போது பேச்சின் தோலும் சேர்ந்து வருகிறது. இன்றைய கருவிகள் முன்பைவிட ரொம்பவே தேவலை என்றாலும் குரலில் ஒரு பிளாஸ்டிக் தன்மை ஒட்டிக்கொள்ளும். எங்கள் தொழிலின் பழைய பாடம்தான்: பிழையை அது பிறக்கிற இடத்திலேயே சரிசெய், பத்து படி தள்ளி ஒட்டுப்போடாதே.

நாடகத்தில் என்ன செய்தோம்? தினசரியின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தோம். ஈரம் ஏறிய காகிதம் சத்தம் போடாது, பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. செலவு பூஜ்யம்.

குரல் எப்போது கழன்றது

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது 1931இல். சென்னையின் முதல் பேசும்பட ஸ்டுடியோவான சீனிவாசா சினிடோனை ஏ. நாராயணன் 1934இல் தொடங்கினார். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி நாராயணன், இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர். அந்தக் காலத்தில் பேச்சும் பாட்டும் கேமரா முன்னாலேயே பதிவாக வேண்டும். சூரிய வெளிச்சத்தில் படமெடுத்தபோது காக்கைகளை விரட்டத் தனியாக ஆள் வைத்திருந்ததைப் பழைய சினிமா பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேடிக்கையாகச் சொல்லப்படும் செய்திதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், நடிகர் அன்று பேசியதுதான் படம். அதைக் காப்பாற்ற ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

1938இல் ஏவி.எம்.மின் 'நந்தகுமார்' பின்னணிப் பாடலைக் கொண்டுவந்தது. பாட்டு முதலில் கழன்றது, பேச்சு பிறகு. 16 வயதினிலே (1977) காலத்தில் சினிமா ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போனது. கூடவே போன இலகுவான ஆரிஃப்ளெக்ஸ் கேமரா தையல் மெஷின் மாதிரி ஓடும். செட்டிலேயே அதிகச் சத்தம் போடும் பொருள் கேமரா என்றான பிறகு காகிதப் பையைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? "டப்பிங்கில் பார்த்துக்கலாம்" என்பது அப்போது நியாயமான பதில். அந்தச் சுதந்திரம் இல்லாமல் நம் கிராமங்கள் திரைக்கு வந்திருக்காது. டப்பிங்கை நான் மட்டம் தட்டவில்லை.

என் புகார் வேறு. சத்தமில்லாத கேமராக்கள் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. நடிகர் செட்டில் பேசுவது வெறும் வழிகாட்டி ஒலி, தூக்கிப்போடப் போகிற ஒலி என்ற மனநிலை. தூக்கிப்போடுவதற்கு யார் பாதுகாப்புத் தருவார்கள்? ஷாட் நடுவில் இயக்குநரே குரல் கொடுப்பார், ஜெனரேட்டர் ஓடும், யாரோ டிபன் பார்சலைப் பிரிப்பார்கள். நடிகைக்கு வசனம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குரல் வேறு யாரோ. பொருளின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதும், ஆளின் குரலை மாற்றத் தயங்காததும் ஒரே பழக்கத்தின் இரண்டு முனைகள்.

விருமாண்டி: சாட்சியம் என்பதால்

இங்கேதான் விருமாண்டி (2004) எனக்கு முக்கியமாகப் படுகிறது. லைவ் சவுண்டில் எடுத்த படம். இதை ஒரு தொழில்நுட்பச் சாதனையாகப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது கதையிலிருந்தே வந்த முடிவாகத் தெரிகிறது. சிறையில் ஆவணப்படம் எடுக்க வரும் ஏஞ்சலா காத்தமுத்துவிடம் முதலில் கொத்தாளத் தேவர் தன் கதையைச் சொல்கிறார், பிறகு விருமாண்டி. நடந்தது ஒன்று, வாக்குமூலம் இரண்டு. எதை நம்புவது என்பதுதான் படம். நம்ப நம்மிடம் இருப்பது என்ன? அந்த இரண்டு பேரின் குரல், தயக்கம், மூச்சு. கேமராவுக்கு முன்னால் ஒருவன் கொடுக்கும் சாட்சியத்தை மூன்று மாதம் கழித்து ஏசி அறையில் நின்று மறுபடி சொல்லவைத்தால் அது சாட்சியமா?

இன்னொரு பொருத்தம். ஏஞ்சலாவாக நடித்த ரோகிணி, பல கதாநாயகிகளுக்கு டப்பிங் குரல் கொடுத்தவர். பிறர் முகத்துக்குக் குரலாக இருந்தவர் இந்தப் படத்தில் சொந்த முகத்தோடு உட்கார்ந்து பிறர் குரலைப் பதிவு செய்கிறார்.

படத்தை மறுபடி பார்த்தால் காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள். கூட்டக் காட்சிகளில் வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், சில இடங்களில் பிடிபடாமல் நழுவும். டப்பிங் படத்தில் எல்லோரும் வரிசையில் நின்று ரேஷன் வாங்குவது மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் பேசுவார்கள். எது பஞ்சாயத்து மாதிரி இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. அதே நேரம், தமிழ்த்திரை அந்தப் பாதையில் கூட்டமாகப் போகவில்லை. இந்தியில் லகான் (2001) சிங்க் சவுண்டில் வந்தபின் அது மெல்ல வழக்கமாகிப் போனது. நம் பெரிய படங்களில் இன்னமும் டப்பிங்தான் இயல்பு.

நம்ம ஊர்ப் பட்டியல்

ஹாலிவுட் பட்டியலை அப்படியே எடுத்தால் நமக்குப் பிரயோஜனம் இல்லை. நம் எதிரிகள் வேறு. கண்ணாடி வளையல், கொலுசு, தாலிச் சங்கிலி (காலர் மைக்கில் டொக் டொக்கென்று இடிக்கும்), பட்டுப்புடவை, கஞ்சி போட்ட வேட்டி, எவர்சில்வர் டபரா செட், மல்லிகைப்பூ வாங்கி வந்த கேரி பேக், பஜ்ஜி மடித்த பேப்பர், ஊஞ்சல் சங்கிலி, பிளாஸ்டிக் சேர்.

எதுவும் தீர்க்க முடியாததல்ல. வளையல்களை நடுவில் மெல்லிய டேப் வைத்து ஒரு கட்டாக ஒட்டலாம். கொலுசின் மணிகளைக் கழற்றிவிட்டால் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. டபராவின் அடியில் மெல்லிய ரப்பர் வட்டம். ஊஞ்சல் கொக்கியில் கிரீஸும் ஒரு தோல் துண்டும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ரப்பர் கேஸ்கெட், ஃபோம் ஷீட், ஃபெல்ட் எல்லாம் கிடைக்கும். அங்கிருந்து செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டிக்கு எவ்வளவு தூரம்? பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. செட்டில் அதைக் கேட்க ஓர் ஆள்தான் இல்லை. கலை இயக்குநருக்குப் பொருள் எப்படித் தெரிகிறது என்பது வேலை, ஒலிப்பதிவாளருக்கு மைக் வேலை. நடுவில் இருக்கும் கொலுசு யார் பொறுப்பு? எங்கள் அலுவலகங்களிலும் பிழைகள் இப்படி இரண்டு டீமுக்கு நடுவில்தான் குடியிருக்கும்.

"சத்தத்தை எடுத்துவிட்டு, பிறகு ஃபோலி கலைஞரை வைத்து அதே சத்தத்தைச் சேர்க்கிறார்களே, இது என்ன கூத்து?" என்று கேட்கலாம். டம்ளர் சத்தம் வசனத்தோடு ஒட்டிக்கொண்டால் அதைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. படத்தைத் தெலுங்கில் மாற்றும்போது தமிழ் வசனத்தோடு டம்ளரும் சேர்ந்து போய்விடும். தனியாக இருந்தால் எந்த மொழியிலும் அதே காபி.

எல்லாப் பொருளும் வாயை மூட வேண்டும் என்று சொல்லவில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் விழாவில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், காலில் கட்டிய சலங்கை மிருதங்கத்தோடு சேர்ந்த வாத்தியம். அதை அடைத்தால் கூத்தே இல்லை. சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்தாரா என்பதுதான் கேள்வி. கூத்தில் யோசித்திருக்கிறார்கள்.

விமர்சகர்களுக்கு ஒரு வார்த்தை

2009ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளிலிருந்து 2021ஆம் ஆண்டுக்கான விருதுகள் வரை படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவுக்குத் தனி விருது இருந்தது, சிங்க் சவுண்ட் படங்களுக்கு மட்டும். 2022இல் அறிவித்தபோது அது 'டொள்ளு' என்ற கன்னடப் படத்துக்குப் போனது. அது சிங்க் சவுண்ட் படமே இல்லை, டப் செய்தது என்று அந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பாளர் நிதின் லூக்கோஸே வெளியில் சொன்னார். ரசூல் பூக்குட்டியும் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார்.

இதை ஜூரியைக் கிண்டலடிக்க எடுத்துச் சொல்லவில்லை. நல்ல டப்பிங் காதை ஏமாற்றும், அது அந்தக் கலைஞர்களின் திறமை. ஆனால் காதால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது என்றால், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு எழுதுவது விமர்சகரின் வேலை ஆகிறது. நம் விமர்சனங்களில் ஒலி என்றால் "பின்னணி இசை அதிர்கிறது", "தியேட்டர் குலுங்குது" என்று இரண்டு வரி. கதாநாயகி பேசியது யார் குரல் என்றுகூடப் பல விமர்சனங்களில் இருக்காது. ஒளிப்பதிவாளர் எந்த லென்ஸ் போட்டார் என்று எழுதுகிற நாம், நடிகரின் குரல் அந்த இடத்தில் அந்த நொடியில் பிறந்ததா என்று கேட்பதில்லை. கேட்காததால் தயாரிப்பாளருக்கும் அந்தச் செலவு வீண் செலவாகத் தெரிகிறது.

இத்தனைக்கும் அது பெரிய செலவில்லை. பட்ஜெட் தாளில் ஒரு வரி, செட்டில் ஒரு ஆள், ஒரு பை நிறைய ஃபெல்ட்டும் ரப்பரும் டேப்பும், கையில் ஒரு தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில். காக்கை விரட்டியவருக்கு அன்று கொடுத்த அந்தச் சம்பளத்தை இவருக்குக் கொடுக்கட்டும்.